மணலில் ஏறினால் ஆயில் லைட் ஏன் மினுக்குகிறது?

தங்கச்சிமடத்திலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்: "பழைய டீசல் ஜீப். தார் ரோட்டில் தொந்தரவே இல்லை. கடற்கரை மணல்மேட்டில் ஏறினால் மட்டும் ஆயில் லைட் மினுக்குது. ஆயில் பம்ப் போயிருச்சா?"

அநேகமாக இல்லை. 2017இல் அரிச்சல்முனைக்குத் தார் ரோடு திறக்கும்வரை தனுஷ்கோடிக்கு மணல்தான் வழி. வேனும் ஜீப்பும் ஒருபக்கம் சாய்ந்தபடி உறுமிக்கொண்டுதான் போகும். அப்படிச் சாயும்போது எஞ்சினுக்கு அடியில் இருக்கும் ஆயில் ஓர் ஓரமாக ஒதுங்கிவிடும். அளவு ஏற்கெனவே குறைவாக இருந்தால், உறிஞ்சு குழாயின் வாய் வெளியே தெரியும். பம்ப் காற்றைக் குடிக்கும், ஆயில் அழுத்தம் விழும், லைட் மினுக்கும். ஆக முதல் வேலை, சமதரையில் வண்டியை நிறுத்திச் சற்று நேரம் கழித்து, ஆயில் அளவு காட்டும் டிப் ஸ்டிக்கை இழுத்துப் பார்ப்பது. (ஆயுத பூஜைக்கு டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அன்றைக்காவது அந்தக் குச்சியையும் இழுத்துப் பார்க்கலாமே!)

சரி, எஞ்சினுக்குள் சுழலும் பெரிய தண்டான கிராங்க் ஷாஃப்ட்டைப் பம்ப்தான் தாங்குகிறது என்று பலர் நினைக்கிறோம். அது ஆயிலைக் கொண்டுபோய்ச் சேர்க்கும், அவ்வளவுதான். தாங்குவது வேறொன்று. 1883இல் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சைத் தாங்கும் பேரிங்கைச் சோதித்துக்கொண்டிருந்தார். மேலிருந்து ஆயில் விட பேரிங்கில் ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும் அந்தத் துளை வழியாக ஆயில் மேலே பொங்கியது. தக்கை வைத்து அடைத்தார், தள்ளிவிட்டது. மரக்கட்டையை அடித்து இறுக்கினார், அதையும் தள்ளிவிட்டது! அங்கே பம்ப் எதுவும் இல்லை. சுழலும் அச்சே பிசுபிசுப்பான ஆயிலை இழுத்து, குறுகிக்கொண்டே போகும் இடுக்கில் திணித்து, அந்த அழுத்தத்தின் மேல் தானே மிதக்கிறது. பாம்பனில் ஃபைபர் படகு வேகமெடுத்ததும் அணியத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்மேல் ஏறுமே, பார்வைக்கு அப்படி. ஆனால் படகைத் தூக்குவது வேகத்தில் மோதும் தண்ணீர், இங்கே பிசுபிசுப்பு. இதன் கணக்கை 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்ற அறிவியலாளர் எழுதிக் காட்டினார். ஒரு மரக்கட்டை துளையில் நிற்க மறுத்ததிலிருந்து ஒரு துறையே பிறந்தது. 'இதனால் என்ன லாபம்?' என்று கேட்டுவிட்டு ஆராய்ச்சிக்குப் பணம் தருகிறவர்கள் இந்தக் கதையைப் படிக்க வேண்டும்.

இப்போது ஜீப்புக்கு வருவோம். அதன் கிராங்க் ஷாஃப்ட்டும் பேரிங்கில் இப்படித்தான் மிதக்கிறது. மணலில் கீழ் கியரில் ஊரும்போது எஞ்சினுக்குப் பளு அதிகம், எதிர்காற்று குறைவு. ஆயில் சூடாகி நீர்த்துப்போகும். பேரிங் தேய்ந்து இடுக்கு அகன்றிருந்தால் நீர்த்த ஆயில் சுலபமாக ஒழுகிவிடும், அழுத்தம் விழும். ஆகவே லைட் எப்போது எரிகிறது என்று கவனியுங்கள். சாயும்போது மட்டும் என்றால் ஆயில் அளவு. மணலைவிட்டு இறங்கி, வண்டி சூடாக ஸ்லோவில் நிற்கும்போது என்றால் நீர்த்த ஆயில் அல்லது தேய்ந்த பேரிங். பம்ப் தேய்மானமும் இதே இடத்தில்தான் காட்டும். சாய்வும் சூடும் பார்க்காமல் கண்டபடி எரிந்தால் லைட்டை எரியவைக்கும் பிரஷர் சுவிட்சின், உப்புக்காற்றில் துருப்பிடித்த ஒயராகக்கூட இருக்கலாம்.

லைட்டை மட்டும் நம்ப வேண்டாம். சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் பிரஷர் மீட்டரை மாட்டச் சொல்லுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஒருமுறை, நன்றாகச் சூடேறியபின் ஒருமுறை. அந்த மீட்டரும் ஒன்றை மறைக்கும்: அழுத்தம் என்பது ஓட்டத்துக்கு எதிரான தடையிலிருந்து வருவது. மீட்டருக்கு அப்பால் ஆயில் பாதை கசடால் அடைத்திருந்தால், முள் ஜம்மென்று நிற்கும். மேலே, வால்வைத் திறக்கும் ராக்கர் காய்ந்து கிடக்கும். எஞ்சின் தலையில் சடசடவென்று சத்தம் கேட்டால் மேல்மூடியைக் கழற்றி, ஸ்லோவில் ஓடவிட்டு ராக்கருக்கு ஆயில் வருகிறதா என்று கண்ணால் பாருங்கள். பம்ப்புக்குக் காசு கொடுப்பது அதற்கப்புறம்.