தலைகுந்தாவில் முரண்டு, மேட்டுப்பாளையத்தில் சமர்த்து

ஊட்டியை அடுத்த தலைகுந்தாவில் கேரட் பயிரிடும் என் சித்தப்பாவிடம் இருபது வருடப் பழைய டீசல் பிக்கப் ஒன்று இருக்கிறது. மூட்டைகளோடு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கினால், அங்கே சாவியைத் திருப்பியதும் உறுமும். அதே வண்டி ஜனவரி மாத உறைபனிக் காலையில் வீட்டு வாசலில் அரை நிமிடம் முக்கி முனகிய பிறகுதான் உயிர் பெறும். "குளிர், வேறென்ன" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் புது பேட்டரி வாங்கிப் போட்டார் சித்தப்பா. முனகல் நிற்கவில்லை.

குளிருக்கு இதில் பங்கு உண்டு. ஆனால் அது ஒற்றை ஆளாக வருவதில்லை.

டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் புகுந்த காற்றைப் பிஸ்டன் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக நெருக்குகிறது. நெருக்கிய காற்று பல நூறு டிகிரிக்குச் சூடேற, அதில் பீய்ச்சப்படும் டீசல் தானாகப் பற்றிக்கொள்கிறது. மலாய், பர்மியப் பகுதி மக்கள் இதே வித்தையில் நெருப்பு மூட்டினார்கள். ஒரு முனை அடைத்த மூங்கில் அல்லது கொம்புக் குழலுக்குள் தண்டை ஓங்கி அடித்தால் அடியில் இருக்கும் பஞ்சு கனன்றுவிடும். ஓங்கி அடிக்க வேண்டும் என்பதுதான் இதில் சூட்சுமம். மெதுவாக அழுத்தினால், பிறக்கும் சூடு குழலின் சுவர் வழியே நழுவிப்போய்விடும். பஞ்சு பஞ்சாகவே இருக்கும்.

இன்ஜினுக்கும் இதே விதிதான். காற்று 21 மடங்கு நெருக்கப்படுவதாக வைத்து நான் ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 27 டிகிரி செல்சியஸில் நுழையும் காற்று, வழியில் கொஞ்சம் சூட்டை இழந்தாலும் 475 டிகிரியை எட்டுகிறது. 2 டிகிரியில் நுழைந்தால் 410 டிகிரி. நுழையும்போது இருந்த 25 டிகிரி வித்தியாசம் முடிவில் 60 டிகிரிக்கு மேல் வளர்ந்துவிடுகிறது. அப்போதும் டீசல் திணறியாவது பற்றிக்கொள்ளும். ஆனால் ஸ்டார்ட் செய்ய இன்ஜினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டார் அதை மந்தமாகச் சுற்றினால் சூடு சுவருக்கும், காற்று பிஸ்டனைச் சுற்றி அடைக்கும் ரிங் இடுக்குகளுக்கும் கசிய அவகாசம் கிடைக்கிறது. கசிவைக் கூட்டிக் கணக்கிட்டால் அதே 2 டிகிரிக் காற்று 230 டிகிரியோடு நின்றுவிடுகிறது. குளிர் திருடியதைவிட மந்தம் திருடியது அதிகம். போதாததற்கு, ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல்மட்டக் காற்றழுத்தத்தில் முக்கால் பங்குதான் அங்கே; சிலிண்டருக்குள் சேரும் காற்றும் அந்த அளவுக்குக் குறைவு.

இந்தக் குறையை ஈடுகட்டத்தான் ஹீட்டர் பிளக் இருக்கிறது. விரல் தடிமன்கூட இல்லாத உலோகக் குச்சி; சாவியை முதல் கட்டத்துக்குத் திருப்பியதும் சில வினாடிகளில் 800 டிகிரிக்கு மேல் சிவந்துவிடும். டீசல் அதன்மேல் பட்டுப் பற்றும்.

ஒரு விடியலில் புகைக்குழாய்ப் பக்கம் போய் நின்றேன். சித்தப்பா செல்ஃப் அடிக்க, வெள்ளைப் புகை அடர்த்தியாக வந்தது, கண்ணைக் கரித்தது. எனக்கு அது நல்ல செய்தி. வெள்ளைப் புகை என்பது எரியாத டீசலின் நுண்துளிகள். டீசல் வந்து சேர்கிறது, பற்றத்தான் இல்லை. புகையே வராமல் இருந்திருந்தால், இரவில் குழாய் இணைப்பு வழியே காற்று புகுந்து டீசல் டாங்குக்கே இறங்கிவிட்டதா என்று பார்த்திருப்பேன்; முதலில் டீசலைக் கையால் ஏற்றும் ஹேண்ட் பம்பை நாலு முறை அழுத்திவிட்டுச் சாவியைத் திருப்பினால் அது தெரிந்துவிடும்.

காதுக்கும் ஒரு துப்புக் கிடைத்தது: செல்ஃப் சுற்றும் சத்தம் இழுவையாக இருந்தது. பேட்டரியோ புதியது. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மறுமுனையை இன்ஜின் உடம்பிலும் வைத்து செல்ஃப் அடிக்கச் சொன்னேன். 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது 1.4 காட்டியது. பேட்டரியின் நெகட்டிவை இன்ஜின் உடம்போடு இணைக்கும் எர்த் கேபிளின் முனை பச்சைப் பூத்துக் கிடந்தது. செல்ஃப் மோட்டார் 200 ஆம்பியர் இழுக்கும்போது 0.01 ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் வீணாகிவிடும். இதற்குப் பேட்டரி என்ன செய்யும்?

அடுத்து ஹீட்டர் பிளக்குகளை இணைக்கும் பட்டையைக் கழற்றி, டெஸ்ட் லாம்பின் ஒரு வயரைப் பேட்டரியின் பாசிட்டிவிலும் மற்றதை ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தொட்டுப் பார்த்தோம். இரண்டில் எரிந்தது, இரண்டில் இல்லை. உள்ளே கம்பி அறுந்துபோன பிளக்குகள். ஸ்டார்ட் ஆன முதல் நிமிடம் வண்டி ஏன் அப்படிக் குலுங்கியது என்பதும் விளங்கியது: நான்கு சிலிண்டரில் இரண்டுதான் உழைத்திருக்கின்றன.

சில மெக்கானிக்குகள் ஏர் ஃபில்டர் வாயில் பெட்ரோல் நனைத்த துணியைக் காட்டி வண்டியைக் கிளப்புவார்கள். ஹீட்டர் பிளக் சிவந்திருக்கும் இன்ஜினில் அந்த விளையாட்டு வேண்டாம். பிஸ்டன் மேலேறும் முன்பே வெடித்தால் முகமும் போகும், இன்ஜினும் போகும்.

எர்த் முனையைச் சுரண்டி இறுக்கி, நான்கு பிளக்குகளையும் மாற்றினோம். இவ்வளவுக்குப் பிறகும் அடம்பிடித்தால், காற்று சரியாக நெருக்கப்படுகிறதா என்று பார்க்கும் கம்ப்ரஷன் சோதனை, ரிங் தேய்மானம் என்று செலவு பெரிதாகும். நல்லவேளை, அந்த எல்லைக்குப் போகவில்லை. மறுநாள் காலை புல்லெல்லாம் வெள்ளை பூத்திருக்க, ஹீட்டர் விளக்கு அணையும்வரை சித்தப்பா பொறுத்திருந்தார். செல்ஃப் மூன்று சுற்று சுற்றுவதற்குள் வண்டி பிடித்துக்கொண்டது.

கழற்றிப் போட்ட பழைய பேட்டரிக்கு ஒரு குறையும் இல்லை. மாட்டுக் கொட்டகையில் இப்போது அதுதான் விளக்கெரிக்கிறது. அதைப் பற்றிச் சித்தப்பாவிடம் யாரும் பேசுவதில்லை.