பிள்ளை பெற்ற வயிறு ரத்தத்தை நிறுத்துவது எப்படி?

“கெட்ட ரத்தம்லா, போவட்டும் மக்ளே.”

பேச்சிப்பாறை மலையடிவாரமானாலும் தேங்காப்பட்டணம் கடற்கரையானாலும், பேறுகால வீட்டில் இந்தப் பேச்சு காதில் விழும். சொல்கிற பாட்டிக்குப் பேத்திமேல் உயிர்தான். ஆனால் கர்ப்பப்பையில் கெட்ட ரத்தம் என்று தனியாக ஒன்று கிடையாது. போவது அவள் உடம்பில் ஓடிய அதே ரத்தம்.

நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் பாய்கிறது. நஞ்சு (நஞ்சுக்கொடி) பிரிந்து விழுந்ததும், அது ஒட்டியிருந்த இடத்தில் ரத்தக்குழாய்கள் வாய் திறந்து கிடக்கும். விரலில் வெட்டுப்பட்டால் ரத்தம் உறைந்தே அடைபட்டுவிடும். இந்த வேகத்துக்கு அது மட்டும் போதாது. இங்கே காப்பாற்றுவது தசை. கர்ப்பப்பைச் சுவரின் தசைநார்கள் குறுக்கும் நெடுக்குமாக வலைபோல் பின்னிக் கிடக்கின்றன. குழாய்கள் அந்த வலைக்கண்களுக்குள் புகுந்துதான் வருகின்றன. வலையை இழுத்தால் கண் ஒடுங்குமே, அப்படித் தசை சுருங்கும்போது குழாய்கள் நெரிபட்டு மூடிக்கொள்ளும்.

இழுக்கும் கை ஆக்சிடோசின் என்ற ஹார்மோன். குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் நர்ஸ் தொடையில் போடும் 10 யூனிட் ஊசி அதுதான். பிள்ளை பால் குடிக்கும்போது தாயின் மூளையிலிருந்தும் அதே ஹார்மோன் சுரக்கிறது. அந்நேரம் அடிவயிறு சுண்டி இழுத்தால் பயப்பட வேண்டாம், கர்ப்பப்பை சுருங்குகிறது.

முதல் நாள் தொப்புளுக்குக் கீழே கை வைத்துப் பாருங்கள். கவிழ்த்த சிரட்டைபோல் கெட்டியாகத் தட்டுப்பட வேண்டும். பிசைந்த மாவுபோல் கொழகொழவென்று இருந்தால் வலை தளர்ந்துவிட்டது என்று பொருள். தையல் எரியும் என்று மூத்திரத்தை அடக்குவதும் இதைக் கெடுக்கும்: நிறைந்த மூத்திரப்பை கர்ப்பப்பையை மேலே தள்ளி, சுருங்கவிடாமல் செய்கிறது. வயிற்றைச் சுற்றித் துணி கட்டுவது இடுப்புக்கு ஆதரவாக இருக்கலாம். உள்ளே இருக்கிற வலைக்கண்ணை அது இறுக்காது.

வீட்டுக்கு வந்த பிறகும் ஆபத்து உண்டு. என் மயினிக்கு (அண்ணிக்கு) ஒன்பதாம் நாள், பழுப்பாக மாறியிருந்த உதிரப்போக்கு மறுபடி சிவந்து, கட்டி கட்டியாக விழுந்தது. தாய்வீட்டில் “போவட்டும்” என்றே அரைநாள் கழிந்தது. உள்ளே தங்கிப்போன நஞ்சுத்துண்டுதான் காரணம். இப்படி மிஞ்சும் துண்டோ தொற்றோ, ஆறு வாரம் வரைகூட உதிரப்போக்கைக் கிளப்பிவிடும். ஒரு மணி நேரத்தில் ஒரு பேடு முழுக்க நனைந்தால், காய்ச்சலோடு நாற்றம் வந்தால், தலை சுற்றிப் படபடத்தால், உடனே 108-ஐ அழைக்க வேண்டும். இளவயதுப் பெண்ணுக்கு ரத்தம் நிறையப் போன பிறகுதான் பிரஷர் இறங்கும். நாடித் துடிப்பு அதற்கு முன்பே வேகமெடுத்துவிடும்.

பிரசவத்தில் அரை லிட்டர் போனாலே அதிகப்போக்கு என்பது மருத்துவக் கணக்கு. கர்ப்பத்தில் ரத்தம் கூடியிருப்பதால் ஆரோக்கியமானவள் தாங்கிவிடுவாள். ஹீமோகுளோபின் 11-க்கு வெகுவாகக் கீழே இறங்கியவளுக்கு அதற்கும் குறைவாகப் போனாலே ஆபத்து.

பிரசவத்துக்குப் பின் 180 நாளுக்கு இரும்புச்சத்து மாத்திரை தருவது இதற்காகத்தான். அதைக் கட்டன்சாயாவோடு விழுங்கினால், தேயிலையின் துவர்ப்பு இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சாயாவை ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். மாத்திரையோடு ஒரு நெல்லிக்காய் கடித்தால் இரும்பு நன்றாகச் சேரும்.