மழையில் வீடு இடிந்ததா? 1,20,000 ரூபாய்க்கும் 6,500 ரூபாய்க்கும் நடுவே உள்ளவை

புயல், வெள்ளம், நிலச்சரிவு, தீ விபத்து போன்றவற்றில் வீடு சேதமானால் மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து உதவி உண்டு. தொகையை முடிவு செய்வது கிராம நிர்வாக அலுவலரின் (விஏஓ) ஆய்வறிக்கை. அதில் உங்கள் வீடு எந்த வகையில் பதிவாகிறது என்பதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

2022-23 முதல் 2025-26 வரைக்கான மத்திய அரசு விதிப்படி, வீடு முழுதும் இடிந்திருந்தால் சமவெளியில் 1,20,000 ரூபாய், மலைப்பகுதியில் 1,30,000. பகுதிச் சேதம் என்றால் காரை வீட்டுக்கு 6,500, கச்சா (மண்சுவர் போன்ற உறுதியற்ற) வீட்டுக்கு 4,000 மட்டுமே. அதுவும் குறைந்தது 15 விழுக்காடு சேதமாகியிருக்க வேண்டும். குடிசைக்கு 8,000; 2024 பெஞ்சல் புயலின்போது இதைத் தமிழ்நாடு அரசு 10,000 என அறிவித்தது. வீட்டை ஒட்டிய மாட்டுக்கொட்டகைக்கு 3,000. வீடே போனவர்களுக்குத் துணிமணிக்கு 2,500, பாத்திரங்களுக்கு 2,500 தனியாக உண்டு. பலர் இதைக் கேட்பதே இல்லை.

இடிபாட்டை அள்ளுவதற்கு முன் படம் எடுங்கள். நான்கு பக்கச் சுவர், கூரை, தரை, சுவரில் தண்ணீர் நின்ற கறை எல்லாம் தெரிய வேண்டும். ஒரு படத்திலாவது கதவு எண்ணோ பக்கத்து வீடோ இருக்கட்டும். பட்டா, வீட்டு வரி ரசீது, குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களோடு விஏஓவிடம் எழுத்து மூலம் மனு கொடுங்கள். அனுமதிக்கப்பட்ட கட்டடம் என்று அரசு சான்றளித்தால்தான் வீட்டுக்கான தொகை வரும். புறம்போக்கில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இங்கேதான் சிக்கல்.

மண்சுவர் எப்போதும் மழையன்றே விழுந்துவிடாது. ஊறிய சுவர் காயும்போது விரிசல் விட்டுச் சில நாள் கழித்தும் சரியும். அதற்குள் ஆய்வு முடிந்து ‘பகுதிச் சேதம்’ என்று எழுதியிருப்பார்கள். அப்படி நேர்ந்தால் புதிய படங்களோடு மறு ஆய்வு கேட்டு வட்டாட்சியரிடம் மனு கொடுங்கள்; ஒப்புகை வாங்காமல் வராதீர்கள். அங்கே நகராவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போகலாம்.

1,20,000 ரூபாயில் வீடு எழும்பாது. இது நிவாரணமே தவிர இழப்பீடு அல்ல. ஊரகத்தில் குடிசையில் இருப்பவர்கள் கலைஞர் கனவு இல்லம் திட்டத்துக்கும் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். அதில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் கட்டுமான நிலைக்கேற்பத் தவணையாக வரும். பெஞ்சல் புயலில் முழுதும் இடிந்த குடிசைகளுக்கு இதில் முன்னுரிமை அறிவிக்கப்பட்டது. ஆகவே மனுவோடு விஏஓவின் சேத அறிக்கை நகலையும் இணையுங்கள்.