நான்கு வெள்ளைத் தூள்களும் ஒரு செருப்பும்

சேலத்திலிருந்து ஓமலூருக்குப் போகும் வழியில், கருப்பூரை நெருங்கும்போது, வெள்ளை வெளேரென்ற மண்மேடுகள் கண்ணில் படும். இந்தக் குன்றுப் பகுதிக்கு ஆங்கிலேயர் ‘சாக் ஹில்ஸ்’, அதாவது சுண்ணக்கட்டிக் குன்றுகள், என்று பெயர் வைத்தனர். ஆனால் அங்கே இருப்பது சுண்ணக்கட்டி அல்ல. உலைகளுக்கான தீச்செங்கல் செய்யப் பயன்படும் மேக்னசைட் என்ற மெக்னீசியம் கார்பனேட். ஊர்க்காரர்கள் அதை ‘வெள்ளைக்கல்’ என்கிறார்கள். நிறத்தை மட்டும் சொல்லிவிட்டு, பொருள் இன்னதென்று உறுதி கூறாத அந்தப் பெயரில் பிழை ஏதும் இல்லை.

நிறத்தைப் பார்த்து மண்ணை அடையாளம் சொல்வது துப்பறியும் கதைகளின் பழைய உத்தி. 1887-இல் வெளியான முதல் கதையிலேயே, கால்சட்டையில் தெறித்த சேற்றின் நிறத்தையும் பதத்தையும் கொண்டு, அது லண்டனின் எந்தப் பகுதியில் ஒட்டியது என்று ஷெர்லாக் ஹோம்ஸ் சொல்லிவிடுவதாக அவருடைய நண்பர் வாட்சன் குறித்து வைக்கிறார். அவரைச் சேலத்துக்கு அழைத்து வந்து, வெள்ளைத் தூள் படிந்த ஒரு ரப்பர் செருப்பைக் கையில் கொடுத்தால் சற்றுத் திணறித்தான் போவார். இந்த ஊரில் செருப்பு வெளுக்கப் பல காரணங்கள் உண்டு.

ஒரு கற்பனை வழக்கை எடுத்துக்கொள்வோம். போகிக்கு முந்தைய இரவு, கருப்பூர்ப் பக்கம் ஒரு வெள்ளைக்கல் சுரங்கத்தில் நீரிறைக்கும் மோட்டாரின் செப்புக் கம்பி திருடு போகிறது. சந்தேகத்துக்கு ஆளானவர் அம்மாப்பேட்டைக்காரர். பொங்கலுக்காகப் பகல் முழுவதும் வீட்டுக்கு வெள்ளையடித்ததாகவும், அந்த அலுப்பில் இரவு படுத்தவர் விடியும்வரை எழவில்லை என்றும் அவர் சொல்கிறார். செருப்பின் அடிப்பள்ளங்களில் வெள்ளைத் தூள் இருக்கிறது. அது சுண்ணாம்பாக இருந்தால் அவர் சொல்வதோடு பொருந்துகிறது. வெள்ளைக்கல்லாக இருந்தால் பொருந்தவில்லை. அவர் கூலிக்குப் போகும் சேகோ (ஜவ்வரிசி) ஆலையின் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிக்கிழங்கு, மாவாகவும் இருக்கலாம். வழியில் உள்ள கல் உடைக்கும் கிரஷரின் தூளாகவும் இருக்கலாம்.

இந்த நான்கில் முதலில் விலக்கக்கூடியது மாவு. மரவள்ளி மாவின் மணிகள் பெரும்பாலும் உருண்டையாகவும், ஒரு பக்கம் மட்டும் வெட்டிவிட்டாற்போலத் தட்டையாகவும் இருக்கும். ஒரே திசையில் அதிரும்படி வடிகட்டிய ஒளியில், அதாவது முனைவாக்க ஒளியில், நுண்ணோக்கி வழியே பார்த்தால் ஒவ்வொரு மணியின் நடுவிலும் ஒரு கரிய சிலுவைக்குறி தோன்றும். மாவுப்பொருள் மணிக்குள் அடுக்கடுக்காக, மையத்திலிருந்து ஆரம்போல ஒழுங்குபட்டு அமைந்திருப்பதன் விளைவு அது. ஒரு துளி அயோடின் பட்டால் மணி கருநீலமாகிவிடும். கிரஷர் தூளும் அதிகம் ஏமாற்றாது. கூரிய முனைகள் கொண்ட, கண்ணாடிச் சில்லு போன்ற குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் ஆகிய பாறைக் கனிமங்கள் அதில் நிறைந்திருக்கும். அமிலம் பட்டாலும் அவை சும்மா கிடக்கும்.

உண்மையான சிக்கல் சுண்ணாம்புக்கும் வெள்ளைக்கல்லுக்கும் இடையேதான். சுவரில் பூசிய நீர்த்த சுண்ணாம்பு, காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று நாளடைவில் கால்சியம் கார்பனேட்டாக மாறுகிறது. வெள்ளைக்கல்லோ மெக்னீசியம் கார்பனேட். இரண்டும் ஒரே குடும்பம், ஒரே நிறம். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு சொட்டு விட்டால் சுண்ணாம்பு உடனே நுரைத்துப் பொங்கும். வெள்ளைக்கல், அமிலம் குளிர்ந்திருக்கும்போது பெரும்பாலும் அசையாது, சூடாக்கினால்தான் குமிழி விடும். ஆனால் தடயம் கடுகளவே இருக்கும்போது அதை அமிலத்தில் கரைத்துவிட்டு நீதிமன்றத்தில் வெறுங்கையோடு நிற்க முடியாது. ஆகவே சிதைக்காத சோதனைகளே முதலில் வரும். சேலத்து வெள்ளைக்கல்லின் படிகங்கள் சாதாரண நுண்ணோக்கியில் தனித்தனியே பிரித்தறிய முடியாத அளவு நுண்ணியவை என்பதால், இங்கே எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு முறையே கைகொடுக்கிறது. தூளின் மீது எக்ஸ் கதிரைச் செலுத்தினால், படிகத்துக்குள் அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் இடைவெளிக்கு ஏற்பக் குறிப்பிட்ட கோணங்களில் மட்டும் அது வலுவாகச் சிதறும். கால்சியம் அணுவைவிட மெக்னீசியம் அணு சிறியது என்பதால், வெள்ளைக்கல்லில் அடுக்குகள் நெருக்கமாக இருக்கின்றன, கோணங்களும் மாறுகின்றன. தூள் பின்னர் வேறு சோதனைக்கும் அப்படியே மிஞ்சுகிறது.

இதையும்விட நம்பத்தக்க சாட்சி, தூளோடு கூட வந்திருப்பவை. வெள்ளைக்கல் தனியே பிறந்ததன்று. பூமியின் ஆழத்திலிருந்து வந்த டியூனைட் என்ற பச்சைநிறப் பாறை மாற்றமடைந்தபோது அதன் விரிசல்களில் படிந்தது. எனவே சுரங்கத்துத் தூளில் செர்பென்டைன் என்ற பச்சைக் கனிமமும், சில இடங்களில் குரோமைட்டின் கரும்புள்ளிகளும் கலந்திருக்கும். வெள்ளையடிப்பின் கூட்டாளிகள் வேறு. சுவர் பளிச்சென்று தெரிவதற்காக நம் வீடுகளில் சுண்ணாம்போடு நீலம் கலப்பார்களல்லவா, அந்த நீலத்தின் துகள்கள் நுண்ணோக்கியில் தெளிவாகத் தெரியும். பழைய வண்ணச் செதில்களும் தூரிகையின் நாரும் கூடவே இருக்கலாம்.

இனி, எது முன்னால் ஒட்டியது என்பது அடுத்த கேள்வி. செருப்பின் பள்ளத்தில் முதலில் புகுந்த மண் அடியிலும் கடைசியாக மிதித்தது மேலேயும் இருக்கும். ஏரிப்படுகையில் வண்டல் படிவதைப் போலத்தான். இதை ஒரு வழக்கில் முழுமையாகப் பயன்படுத்திக் காட்டியவர் ஃபிராங்க்பர்ட் நகரத்து வேதியியலாளர் கியோர்க் பாப். 1908-இல் ஜெர்மனியின் ராக்கன்ஹாசன் பகுதியில் ஒரு பெண் கொல்லப்பட்டார். சந்தேகிக்கப்பட்டவரின் காலணியை முந்தைய இரவுதான் துடைத்து வைத்ததாக அவருடைய மனைவியே கூறியிருந்தார். ஆகவே அதில் இருந்த மண் முழுவதும் அந்த ஒரு நாளுக்கே உரியது. தோலை ஒட்டி வாத்து எச்சம், அதன்மேல் புல், அதன்மேல் கொலை நடந்த இடத்துச் செந்நிற மணற்கல் மண், எல்லாவற்றுக்கும் மேலே நிலக்கரியும் செங்கல் தூளும் சிமெண்டும். இந்தக் கடைசிக் கலவை, அவருடைய துப்பாக்கியும் உடையும் ஒளித்து வைக்கப்பட்டிருந்த பாழடைந்த கோட்டையின் மண்ணோடு ஒத்திருந்தது. அவரோ அன்று தம் வயலில்தான் நடந்ததாகச் சொன்னார். அந்த வயலுக்கே உரிய கனிமத் துகள்கள் காலணியில் ஒன்றுகூட இல்லை. இருந்தவை எவ்வளவு பேசினவோ, இல்லாதவையும் அவ்வளவு பேசின என்பதே இந்த வழக்கில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

காலணியில் ஒட்டிய அழுக்கு, நீண்ட விசாரணைகளைவிட அதிகம் சொல்லக்கூடும் என்று ஆஸ்திரிய நீதிபதி ஹான்ஸ் கிராஸ் 1893-லேயே தம் கையேட்டில் எழுதியிருந்தார். இந்தியச் சூழலுக்கு ஏற்ப மாற்றப்பட்ட அதன் ஆங்கில வடிவம் 1906-இல் அச்சானது நம் சென்னையில்தான். சென்னை மாகாணத்தில் 1849-லேயே வேதியியல் பரிசோதகர் துறை இருந்ததை நினைத்தால், இதில் வியப்பில்லை.

வெள்ளையில் உள்ள குழப்பம் சிவப்பிலும் உண்டு. அடிவாரத்துச் செம்மண்ணும் சேர்வராயன் மலை உச்சியின் செம்மண்ணும் கையில் எடுத்தால் ஒன்றுபோலத் தோன்றலாம். ஆனால் மலையின் மேல்தளத்தில் மழை நெடுங்காலமாகப் பாறையின் சிலிக்காவைக் கரைத்துக் கொண்டுபோனதால் பாக்சைட் என்ற அலுமினியத் தாது உருவாகியிருக்கிறது. அங்குள்ள மண்ணில் கிப்சைட் என்ற அலுமினியக் கனிமம் மிகுந்திருக்கும். அடிவாரத்தில் அந்த அளவுக்குச் சிலிக்கா கரைந்துபோகாததால் களிமண் கனிமங்களே மேலோங்கும். இருந்தாலும், கிப்சைட் கிடைத்துவிட்டது, ஆகவே ஏற்காட்டுக்குப் போயிருக்கிறார் என்று உடனே எழுதிவிட முடியாது. மேட்டூர் அலுமினிய ஆலைக்காக அந்த மண்ணை லாரிகள் மலைக்குக் கீழே கொண்டுபோன காலம் உண்டு. லாரி போன வழியெல்லாம் மலையும் கொஞ்சம் சிந்தியிருக்கும். சேர்வராயனின் கரும்பாறையான சார்னோக்கைட்டுக்கும் இப்படி ஓர் இடம்பெயர்ந்த கதை இருக்கிறது. கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல்லை 1893-இல் ஆராய்ந்த புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட், அது வங்காளத்துக் கல் அல்ல, சென்னைக்கு அருகிலுள்ள பல்லாவரப் பக்கத்துப் பாறை என்று கண்டார். பாறைக்குப் பெயர் வந்தது அந்தக் கல்லறையிலிருந்துதான். அதுவும் ஒரு துப்பறிதலே, குற்றவாளிதான் இல்லை.

ஆய்வகத்தில் எவ்வளவு நுட்பமான கருவி இருந்தாலும், நிகழ்விடத்தில் மண்ணை எடுத்தவர் கவனக்குறைவாக இருந்தால் எல்லாம் வீண். செருப்பைத் தட்டி உதிர்த்துத் தூளை மட்டும் அனுப்பினால் அடுக்குகள் கலந்து, வரிசை என்ற பாதிச் செய்தி அழிந்துவிடும். ஈரமான மண்ணைப் பிளாஸ்டிக் பையில் அடைத்தால் பூஞ்சை பிடிக்கும். உலரவிட்டுக் காகித உறையில் வைப்பதே முறை. ஒப்புமாதிரிக்காக மண்வெட்டியால் ஆழத் தோண்டுவதும் தவறு, ஏனென்றால் செருப்பு தொட்டது மேற்பரப்பை மட்டும்தான். கால் பட்ட இடத்தில் மெல்லச் சுரண்டி எடுப்பதோடு, சுற்றிலும் பல இடங்களிலும், வந்துபோன பாதையிலும், மிக முக்கியமாகச் சந்தேக நபர் தாம் இருந்ததாகச் சொல்லும் இடத்திலும் எடுக்க வேண்டும். நம் வழக்கில் இந்தக் கடைசி மாதிரி, அம்மாப்பேட்டை வீட்டின் சுவரோரத் தரையிலிருந்து வரும். பருமணல் நடக்க நடக்க உதிர்ந்து, நுண்ணிய துகளே செருப்பில் தங்குவதால், ஒப்புமாதிரியையும் சலித்து அதே அளவுள்ள துகள்களை மட்டுமே ஒப்பிடுவார்கள்.

ஏழு ஆண்டுகளோ அதற்கு மேலோ தண்டனை விதிக்கத்தக்க குற்றங்களில் தடயவியல் வல்லுநர் நிகழ்விடத்துக்கு வந்து தடயம் சேகரிக்க வேண்டும் என்று 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் கூறுகிறது. அதற்குக் குறைந்த குற்றங்களில் அந்தக் கவனம் பெரும்பாலும் காவலரின் கையிலேயே இருக்கும்.

நம் செருப்புக்குத் திரும்புவோம். பள்ளத்தின் அடியில் நீலம் கலந்த சுண்ணாம்பு. அதன்மேல், செர்பென்டைனும் குரோமைட்டும் கலந்த வெள்ளைக்கல் தூள் என்று வைத்துக்கொள்வோம். அவர் வெள்ளையடித்தது உண்மை. அதற்குப் பிறகு அந்தச் செருப்பு வீட்டிலேயே கிடந்தது என்பது உண்மையல்ல. ஆனால் அறிக்கையில் ‘திருடியவர் இவரே’ என்ற வரி இருக்காது. சுரங்க மாதிரியோடு இது கனிமங்களில் ஒத்துப்போகிறது, அதே மூலத்திலிருந்து வந்திருக்கக்கூடும் என்பதை விலக்க இயலவில்லை என்ற அளவில்தான் வல்லுநர் எழுதுவார். கருப்பூர், செட்டிச்சாவடிப் பக்கத்தில் எத்தனையோ வீட்டு வாசல்களில் இதே தூள் படிந்த செருப்புகள் கிடக்கும். இந்தச் செருப்பு எங்கே போய்வந்தது என்பதை மண் சொல்லிவிட்டது. அன்றிரவு அதற்குள் இருந்த கால் யாருடையது என்ற கேள்விக்கு, மண்ணைத் தொடுவதற்கு முன்பே செருப்பின் உட்புறத்தை ஒற்றி எடுத்த பஞ்சு, தனி உறையில், உயிரியல் பிரிவின் மேசையில் காத்திருக்கிறது.