திரட்டியா, உறைவிப்பானா?

எண்ணெய்க் கிணற்றுக் கழிவுநீரைப் பற்றித் தமிழில் படிக்கப் போனால் "உறைவிப்பான் சேர்த்துச் சுத்திகரிக்கலாம்" என்ற வரி எங்கேயாவது வந்துவிடுகிறது. நீரில் கலைந்து கிடக்கும் நுண்துளிகளை ஒன்றுசேர்க்கும் ரசாயனமான கோயாகுலண்டுக்கு (coagulant) வைத்த பெயராம். ஃப்ரீசருக்கும் அதே பெயர்தான்.

கோயாகுலண்ட் என்ற சொல்லின் மூலம் லத்தீன். கோயாகுலம் என்றால் பாலைக் கட்டியாக்கும் உறைப்பொருள்.

"அப்போ உறை என்பதுதானே சரி? பாலுக்கு உறை ஊற்றுகிறோம், இரத்தம் உறைகிறது" என்பார்கள். வேரைப் பார்த்தால் நியாயம் அவர்கள் பக்கம்தான். ஆனால் வேரோடு வேலையையும் பார்க்க வேண்டாமா? உறை ஊற்றிய பால் மொத்தமாக இறுகிவிடும். இங்கே நீர் இறுகுவதே இல்லை. எண்ணெயோடு ஏறிவரும் நீர் பல வயல்களில் கடல்நீரைவிட உப்பு. அதிலுள்ள பெரிய எண்ணெய்த் துளிகள் தாமாக மிதந்துவிடும். நுண்துளிகள்தான் தொல்லை: எதிர்மின் சுமையால் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு நீருக்குள்ளேயே அலையும். உப்பு அந்த விலக்கத்தை ஓரளவு தணிக்கும். ஆனாலும் கிணற்றில் விடும் ரசாயனங்கள் துளிகளைப் போர்த்திக்கொண்டு சேரவிடாது. வட கடல் எண்ணெய் மேடைகளில் கடலுக்கு விடும் நீரில் எண்ணெய் மாதச் சராசரியாக லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அதனால் அந்த நுண்துளிகளைச் சும்மா விட முடியாது. படிகாரம் போன்ற அலுமினிய உப்போ, ஃபெரிக் குளோரைடு என்ற இரும்பு உப்போ போட்டால் மின்சுமை அடங்கித் துளிகள் ஒன்றுசேரும், மேலே வந்ததை வழித்தெடுக்கலாம்.

இதற்குச் சொல் தேடி அலைய வேண்டுமா? வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை தெரியாதவர் உண்டா? கொழுப்புத் துளிகள் கூடி மேலே வருவதைத்தான் திரள்வது என்கிறோம். ஆகவே செயலுக்குத் திரட்டல், கோயாகுலண்டுக்குத் திரட்டி. வலைப்பதிவுகளை ஓரிடத்தில் தொகுத்துக் காட்டும் திரட்டியோடு குழம்பாதா என்றால், குழம்பாது. அதில் யாரும் படிகாரம் கொட்டுவதில்லை. உறைவிப்பானில்தான் நிஜமான குழப்பம். உப்புநீரைக் குளிரவைத்துப் பனிக்கட்டியாக்கி உப்பைப் பிரிக்கும் முறையும் இருக்கிறது. அதை என்னவென்று எழுதுவார்கள்?

பாடநூல்களில் இந்தச் செயலுக்கு வரும் 'திரிதல்' பரவாயில்லை, திரிந்த பாலில் நீர் தனியே பிரிகிறது. ஆனால் 'திரிப்பான்' என்றால் வரலாற்றைத் திரிப்பவர்தான் நினைவுக்கு வருவார்.

அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டும் மொழிபெயர்ப்பாளர்கள் ஃப்ளாக்குலண்டுக்கும் உறைவிப்பான் என்றே போடுகிறார்கள். அது வேறு சரக்கு. திரண்ட பிசிறுகளை நீண்ட பாலிமர் இழையால் கோர்ப்பது. கோர்ப்பான் என்றால் போதும். திரட்டியை முதலில் விட்டு வேகமாகக் கலக்க வேண்டும், கோர்ப்பானை அப்புறம் விட்டு மெதுவாக. இரண்டு கேனிலும் உறைவிப்பான் என்று எழுதியிருந்தால் பம்ப் அருகே நிற்பவர் எதை முதலில் திறப்பார்?