எக்ஸ்போசர்: வெளிப்பாடா, ஒளிபடலா?

இரவு வானத்தைப் படம் எடுப்பது பற்றித் தமிழில் வரும் காணொளிகளில் "25 விநாடி வெளிப்பாடு வையுங்கள்", "நீண்ட வெளிப்பாட்டில் பால்வீதி நன்றாக வரும்" என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு. இப்போது கமராவைத் தூக்கிக்கொண்டு மணற்காடு, கசூரினா கடற்கரைகளுக்குப் போகிற எங்கட பெடியளும் அதையே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். எக்ஸ்போசர் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இந்த இடத்தில் "வெளிப்பாடு" பிழை. கமராவுக்குள் நடப்பதற்கு நேர் எதிரான பொருளைத் தருகிறது.

எக்ஸ்போசர் லத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். வேரின் பொருள் வெளியே வைப்பது. அதாவது வெயிலோ காற்றோ படும்படி மறைப்பில்லாமல் விடுவது. படக்கலையில், மூடிக் கிடந்த பிலிமிலோ, டிஜிற்றல் கமராவில் ஒளியை உணரும் சென்சரிலோ ஒளி பட விடுவதும், அப்படிப் பட்ட ஒளியின் அளவும்.

சரி, தமிழில் வெளிப்பாடு என்றால் என்ன? உள்ளே இருப்பது வெளியே வருவது. கோபத்தின் வெளிப்பாடு, அன்பின் வெளிப்பாடு என்கிறோம். கத்தோலிக்க விவிலியத்தின் கடைசி நூலுக்குத் திருவெளிப்பாடு என்று பெயர். மறைந்திருந்தது வெளிப்பட்டதால் அந்தப் பெயர் அங்கே கச்சிதமாக நிற்கிறது. கமராவில் எதுவும் வெளியே வருவதில்லை, ஒளி உள்ளே போகிறது. குறை தெரிந்த சிலர் முன்னால் ஒரு ஒளியை ஒட்டி "ஒளிவெளிப்பாடு" என்கிறார்கள். இது இன்னும் மோசம், ஏனென்றால் ஒளியை வெளிப்படுத்துவது திருவாதிரை நட்சத்திரம், அதை வாங்கிக்கொள்வதுதான் கமராவின் வேலை. வானியல் பற்றி எழுதுகிறவர் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் படிக்கிறவர் எதை என்று எடுப்பார்? "மிகை வெளிப்பாடு", "குறை வெளிப்பாடு" என்று தொடர்ந்தால் நடிப்பைப் பற்றிய விமர்சனம் மாதிரி இருக்கிறது.

இத்தனைக்கும் சொல் எங்கள் வாயிலேயே இருக்கிறது. வெயில் படாமல் வை, தண்ணி படாமல் பார், பிள்ளைக்குக் கண் பட்டுவிடும் என்று நாள் முழுக்கச் சொல்கிறோமே, அந்தப் "படு"தான். பிலிம் சுருளை இருட்டறைக்கு வெளியே தவறித் திறந்தால் "வெளிச்சம் பட்டுட்டுது" என்பதுதான் பேச்சு. ஆகவே ஒளிபடல். எவ்வளவு நேரம் என்றால் ஒளிபடு நேரம். கூடினால் மிகை ஒளிபடல், குறைந்தால் குறை ஒளிபடல்.

களத்தில் வைத்துப் பார்த்தால் தெளிவு இன்னும் தெரியும். முழு அளவு (ஃபுல் ஃபிரேம்) சென்சரில் 20 மில்லிமீற்றர் லென்ஸ் போட்டால், 500ஐ லென்ஸின் மில்லிமீற்றரால் பிரிக்கும் பொதுக் கணக்குப்படி, ஒளிபடு நேரம் ஏறக்குறைய 25 விநாடி வரை வைக்கலாம். அதைத் தாண்டினால், பூமி மணிக்கு 15 பாகை சுழல்வதால், நட்சத்திரம் புள்ளியாக நிற்காமல் கோடாக இழுபடும். துருவ நட்சத்திரத்துக்குக் கிட்ட இழுவை குறைவு, ஆனால் யாழ்ப்பாணத்தில் அது அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 10 பாகை உயரத்தில்தான் நிற்கிறது. நாங்கள் தேடிப் போகிற பால்வீதியின் நடுப்பகுதி இருக்கும் தனு, விருச்சிகப் பக்கம் வேகமாகவே நகரும். 25 விநாடிப் படம் 16 எடுத்து, மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்தால் மொத்த ஒளிபடு நேரம் 400 விநாடி. இரைச்சல், அதாவது படத்தில் தெரியும் மணல்போன்ற புள்ளிகள், ஒரு படத்தில் இருந்ததன் கால்வாசிக்கு இறங்கும். இங்கே வெளிப்பாடு என்று போட்டுப் படித்துப் பாருங்கள், ஒன்றும் ஒட்டாது.

படத் திருத்தத்தில்தான் பெரிய குழப்பம். மென்பொருளில் எக்ஸ்போசர் என்று ஒரு ஸ்லைடர் இருக்கிறது, அதையும் வெளிப்பாடு என்றே பெயர்க்கிறார்கள். அதை ஒரு படி (ஸ்டொப்) கூட்டினால் வெளிச்சம் இரண்டு மடங்காகத் தெரியும், ஆனால் சென்சரில் ஒரு துளி ஒளிகூடப் புதிதாகப் படவில்லை; இருந்த எண்ணைப் பெருக்கியிருக்கிறது, கூடவே இரைச்சலையும் பெருக்கியிருக்கிறது. ஆங்கிலமே இங்கே ஒரே சொல்லால் இரண்டைக் கலக்கிவிட்டது. நாங்கள் ஏன் அந்தக் கலப்பையும் சேர்த்துச் சுமக்க வேண்டும்? படம் எடுக்கும்போது ஒளிபடல், திருத்தும்போது வெளிச்சம் கூட்டல். இந்த வித்தியாசம் புதிதாகப் படிக்கிற பிள்ளைக்குச் சொல்லிலேயே விளங்கிவிடும், "பேந்து திருத்தலாம்" என்று குறைந்த ஒளியில் எடுத்துவிட்டு வீட்டில் வந்து கவலைப்படவும் மாட்டான்.

மொழிபெயர்க்கிறவர்கள் அகராதியில் முதலில் கண்ட சொல்லைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போவதால்தான் இவ்வளவும். நோய்த்தொற்று பட நேர்ந்தவரையும் அதே ஆங்கிலச் சொல்லால் குறிப்பதால், "தொற்றுக்கு வெளிப்பட்டவர்" என்றும் எழுதுகிறார்கள். யார் எங்கேயிருந்து வெளிப்பட்டார்?

ஒளிபடல் ஒளிப்படத்தோடு குழம்பும் என்று ஒரு ஆட்சேபம் வரும். குழம்பாது. ஒளிபடல் என்பது ஒளி படுவது, அங்கே ஒளி எழுவாய், அதனால் வல்லினம் மிகாது. ஒளிப்படத்தில் ப் வரும். அந்த ஒரு புள்ளியைச் சரியாக வைத்து எழுதினால் போதும்.