பல்லிக்குச் சான்றிதழ் எழுதித் தர மாட்டேன்

சென்ற மாரியில் ஒரு குடும்பம் என் கிளினிக்குக்கு வந்தது. வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடு, மூன்று வாரத்தில் அவுஸ்திரேலியாப் பயணம். தரம் ஏழில் படிக்கும் மகள் கையில் ஓர் ஐஸ்கிரீம் டப்பா. மூடியில் ஊசியால் குத்திய துளைகள், உள்ளே ஈரப் பஞ்சு, பஞ்சின்மேல் குளியலறைச் சுவரில் பிடித்த பல்லி. பெயர் முத்து.

"கழுத்தில் கட்டி வந்திருக்கிறது டொக்டர். புற்றுநோயாக இருக்குமோ என்று பிள்ளை இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை" என்றார் தாய்.

தாடைக்குப் பின்னால் இருபக்கமும் அரிசிமணி அளவில் வெள்ளையாகப் புடைத்திருந்தது. அது கட்டியன்று. பெண் பல்லிகள் முட்டையோட்டுக்கு வேண்டிய கல்சியத்தை அங்கேதான் சேர்த்து வைக்கின்றன. டார்ச்சை வயிற்றுக்கு அடியில் பிடித்தேன். மெல்லிய தோலுக்கு உள்ளே இரண்டு முட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தன. பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். புற்றுநோய்ப் பயம் போயிற்று, அடுத்த சிக்கல் வந்தது. முத்துவைக் கூட்டிப்போக ஒரு சுகச் சான்றிதழ் எழுதித் தர முடியுமா என்று தந்தை கேட்டார்.

முடியாது என்றேன். நம் நாட்டு ஊர்வன எதையும் அனுமதியில்லாமல் வெளியே கொண்டுபோவது குற்றம். அவுஸ்திரேலியாவோ செல்லப் பிராணியாக ஊர்வன எதையும் உள்ளே விடுவதில்லை. பெரியவர்கள் தலையாட்டினார்கள். பிள்ளை ஆட்டவில்லை. "பிரிஸ்பேனில் மாமா வீட்டுச் சுவரிலும் இதே பல்லிதானே இருக்கிறது? இன்னொன்று போனால் என்ன?"

நல்ல கேள்வி. அன்று ஐந்து நிமிடத்தில் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

மாமா வீட்டுப் பல்லி அந்த ஊர்ப் பல்லியன்று. தெற்காசியாவும் தென்கிழக்காசியாவும் அதற்குத் தாய்நாடு. கப்பல் சரக்கோடு போய் 1960களில் டார்வினிலும் 1980களில் பிரிஸ்பேனிலும் கால் வைத்தது. பசிபிக் தீவுகள், அமெரிக்கக் கண்டங்கள், ஆப்பிரிக்கக் கரைகள் என்று துறைமுகம் உள்ள இடமெல்லாம் அதற்கு இப்போது வீடு இருக்கிறது. நம்மிடம் உள்ள இன்னோர் இனமான புள்ளிப் பல்லி தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியது. அது மாலைதீவு, மொரீஷியஸ், ரீயூனியன் எல்லாம் போய், அமெரிக்காவின் லூசியானாவிலும் குடியேறிவிட்டது. இந்த விஷயத்தில் நாம் ஏற்றுமதி நாடு.

இதற்கு ஒரு படை தேவையில்லை. பெண் பல்லி ஒருமுறை சேர்ந்த ஆணின் விந்தைப் பல மாதங்கள் உடலுக்குள் வைத்திருந்து, அதைக்கொண்டு மீண்டும் மீண்டும் முட்டையிடும். ஓடு கெட்டியான முட்டை, எளிதில் உலராது. தனியாகப் போன ஒரு முத்து போதும். இலங்கையில் உள்ள இன்னோர் இனத்தில் ஆணே வேண்டாம்: பெண் முட்டையிட, பொரிப்பதும் பெண்ணே.

போன இடத்தில் வீட்டுப் பல்லி என்ன செய்கிறது? ஹவாய்த் தீவுகளில் ஆய்வாளர்கள் கண்டது நம் குசினிச் சுவரில் நாமும் பார்ப்பதுதான். மின்குமிழைச் சுற்றிப் பூச்சி மொய்க்கிறது. வேகமும் உடற்கட்டும் உள்ளது முந்திக்கொள்கிறது, மெலிந்தது ஓரமாய்ப் போய்ப் பட்டினி கிடக்கிறது. அங்கே வீட்டுப் பல்லி முந்தியது, ஏற்கெனவே சுவரில் இருந்த சிறிய பல்லிகள் குறைந்தன. மொரீஷியஸில் கதை இன்னும் கசப்பு. அந்தத் தீவுக்கே உரிய தரைப்பல்லி ஒன்று இன்று அருகிலுள்ள சில குட்டித் தீவுகளில் மட்டும் எஞ்சியிருக்கிறது. அதைப் பாறை இடுக்குகளிலிருந்து விரட்டியதில் வீட்டுப் பல்லிக்குப் பெரும் பங்கு உண்டு.

"இன்னொன்று போனால் என்ன" என்பதற்கும் விடை இருக்கிறது. பல்லி தனியாகப் போவதில்லை, தன் ஒட்டுண்ணிகளையும் சுமந்தே போகிறது. ஆசியப் பல்லியின் நுரையீரலில் வாழும் ஓர் ஒட்டுண்ணியை இப்போது அவுஸ்திரேலியாவில் உள்ள தேரைகளின் நுரையீரலிலும் காண்கிறார்கள்.

எதிர்த்திசைப் பயணம்தான் எனக்கு அதிகக் கவலை. கொழும்பில் இப்போது வெளிநாட்டுப் பல்லி வளர்ப்பது ஒரு மோகம். சிறுத்தைப் பல்லி என்று மஞ்சளில் கரும்புள்ளியோடு வருமே, அதுதான் அதிகம். பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பக்கத்து வறண்ட நிலத்துப் பிராணி அது. என்னிடம் கொண்டுவருபவற்றில் பல நிற்க முடியாத நிலையில் வருகின்றன. ஒன்றின் கீழ்த்தாடையை விரலால் தொட்டேன், ரப்பர்போல வளைந்தது. மாதக்கணக்கில் புழுவை மட்டும் தின்னக் கொடுத்திருக்கிறார்கள், கல்சியம் தூவாமல். வாங்கியவர் கெட்டவரல்லர். விற்றவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவ்வளவுதான். வாங்கியவரே கடைசியில், "பார்க்க முடியாவிட்டால் தோட்டத்தில் விட்டுவிடலாம்தானே, பாவம்" என்றார்.

அந்தப் 'பாவம்'தான் எனக்குப் பயம். தொட்டியில் அடங்காத டேங்க் கிளீனர் மீனைக் கால்வாயில் விட்டதும் இதே இரக்கத்தில்தான். கொழும்புப் பேர வாவியில் அலிகேட்டர் கார் என்ற அமெரிக்க மீன் வலையில் அகப்பட்டதும் யாரோ ஒருவருடைய தொட்டி சிறுத்துப்போனதால்தான் இருக்க வேண்டும். ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் 2018இல் ஈரநில நகரம் என்று பெயர் வாங்கிய ஊர் இது. நாடு முழுக்கப் பார்த்தால் முப்பதுக்கும் மேற்பட்ட பகல் பல்லி இனங்கள் இருக்கின்றன, பெரும்பாலானவை இலங்கைக்கு மட்டுமே உரியவை. சில ஒரே குன்றை விட்டு வேறெங்கும் இல்லை. அப்படிப்பட்ட குன்றில் புதிய பல்லியோ அதன் ஒட்டுண்ணியோ ஏறினால், அவற்றுக்கு ஒதுங்க வேறு குன்று கிடையாது.

எனவே வெளிநாட்டுப் பல்லி கையில் இருந்தால் தோட்டத்திலோ வயலிலோ விடாதீர்கள். ஆணையும் பெண்ணையும் பிரித்து வையுங்கள். வைத்திருக்க இயலாதென்றால் மிருக வைத்தியரிடமோ பத்தரமுல்லையில் உள்ள வனஜீவராசிகள் திணைக்களத்திடமோ பேசுங்கள். எந்தப் பல்லியானாலும் எச்சத்தில் சல்மொனெல்லாக் கிருமி இருக்கலாம். தொட்டபின் சவர்க்காரத்தால் கை கழுவுங்கள், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள வீட்டில் வளர்க்கவே வேண்டாம். "முந்நூறு கிராம் பல்லி பல லட்சம் போகுமாமே" என்று தொலைபேசியில் கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. டோக்கே என்ற பெரிய ஆசியப் பல்லி எயிட்ஸைக் குணமாக்கும் என்ற புரளியிலிருந்து வந்த விலை அது. 2011இல் பிலிப்பைன்ஸ் அரசே அதை நம்ப வேண்டாம் என்று எச்சரித்தது. இலங்கையில் அந்தப் பல்லியும் இல்லை, எங்குமே அந்த மருந்தும் இல்லை.

முத்துவைப் பிடித்த அதே குளியலறைச் சுவரில் விடச் சொன்னேன். நம் சுவர்ப் பல்லியை நம் சுவரில் விடுவதில் தவறில்லை. கப்பலில் அனுப்பும் சாமான்களையும் கட்டுவதற்கு முன் ஒருமுறை தட்டிப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன்.

பத்து நாள் கழித்துத் தந்தை அழைத்தார். அம்மம்மாவின் பழைய சுவர்க்கடிகாரத்தைப் பெட்டியில் வைக்குமுன் பின்மூடியைக் கழற்றினாராம். பற்றரிக்குப் பக்கத்துக் குழியில் நான்கு வெள்ளை முட்டைகள். "மகள் அவற்றைப் பஞ்சில் வைத்துக் குசினி அலுமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டாள் டொக்டர். புதிதாகக் குடிவருபவர்களிடம் சொல்ல வேண்டாம் என்கிறாள்."